டல்லாஸ் பக்கம் டொர்னாடோ நாள்: தெருவாகச் சேர்ந்து தயாராவது எப்படி?

"எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?"

அமெரிக்காவின் டெக்ஸஸில், டல்லாஸை ஒட்டிய ஃப்ரிஸ்கோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், ஏப்ரல் மாத மாலை ஒன்றில் அப்பா கேட்ட கேள்வி இது. போனில் வானிலை வரைபடத்தைக் காட்டி, "நாளைக்கு இங்க ஆரஞ்சு போட்டிருக்காங்கப்பா" என்று சொன்னதற்கு வந்த பதில். கடலூர்க்காரர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது விடிய விடியக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றவர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர். அவரிடம் போய்ப் புயலைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் எடுத்தேயாக வேண்டியிருந்தது. ஏனென்றால் நம் ஊர்ப் புயல் வேறு, இங்கே வரும் டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று, வேறு.

அங்கே வங்கக்கடலில் நாலு நாள் முன்பே சுழல் தெரிந்துவிடும். பெயர் வைப்பார்கள், கூண்டு ஏற்றுவார்கள், பள்ளிக்கு லீவு விடுவார்கள். மெழுகுவர்த்தியும் பிரெட்டும் வாங்கி வைக்க இரண்டு நாள் கிடைக்கும். இங்கே மதியம் மூன்று மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். நாலரைக்கு மேற்கே காலிஃபிளவர் மாதிரி மேகம் கிளம்பும். ஆறு மணிக்குள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏழெட்டுப் புயல் மேகங்கள் வரிசை கட்டி வரும். அதில் எது டொர்னாடோவை இறக்கும், எந்தத் தெருவில் இறக்கும் என்பது பெரும்பாலும் பத்து நிமிடம் முன்புதான் தெரியும். சில நேரம் அதுவும் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வீடு தனியாக எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. முன்பே தெருவாகப் பேசி வைத்ததை நடத்தத்தான் முடியும். இந்த வழிகாட்டி அந்தப் பேச்சைப் பற்றியது. டல்லாஸ் சுற்றுவட்டாரத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஓக்லஹோமாவிலோ அலபாமாவிலோ இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஏன் இங்கே, எப்போது

தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று. மேற்கு டெக்ஸஸ் பக்கமிருந்து வறண்ட காற்று. இரண்டும் முட்டிக்கொள்ளும் எல்லைக்கு 'டிரை லைன்' என்று பெயர். மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருப்பதால் ஈரம் மதியம் வரை கீழேயே அடைந்து கிடக்கும். மூடி திறந்த கணத்தில் மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் பாய்ந்துவிடும். கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையில் இன்னும் வேகமாகவும் காற்று அடித்தால் அந்த மேகம் முழுசாகச் சுழலத் தொடங்கும். அதுதான் 'சூப்பர்செல்'.

ஏப்ரலும் மே மாதமும் உச்சம். நம் வீட்டுப் பெரியவர்கள் விசா எடுத்து வந்து இறங்குவதும் பெரும்பாலும் அதே சமயத்தில்தான். ஆனால் மாதத்தை நம்பி இருக்க முடியாது. கார்லண்ட், ரௌலட் பகுதியை அடித்துப்போட்ட டொர்னாடோ 2015 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு வந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் காரில் இருந்தவர்கள். வடக்கு டல்லாஸை 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு டொர்னாடோ கிழித்துக்கொண்டு போனது. அன்று ஒரு உயிர்கூடப் போகவில்லை. சேதத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது நம்பக் கடினமாக இருக்கும்.

மூன்று நாள் முன்பு: நிறத்தைப் படியுங்கள்

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம்தான் நாடு முழுவதற்கும் இந்த வரைபடத்தைப் போடுகிறது. ஐந்து படி: அடர் பச்சை (1, மார்ஜினல்), மஞ்சள் (2, ஸ்லைட்), ஆரஞ்சு (3, என்ஹான்ஸ்டு), சிவப்பு (4, மாடரேட்), மெஜந்தா (5, ஹை). கூண்டு எண்ணுக்குப் பழகிய அப்பாவுக்கு இந்த ஒன்று முதல் ஐந்து உடனே பிடிபட்டுவிட்டது.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் டொர்னாடோவுக்கு 10 சதவீதம் என்று போட்டிருந்தால் "தொண்ணூறு சதவீதம் வராது" என்று காலை நீட்டிப் படுத்துவிடுகிறோம். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள் வர எவ்வளவு வாய்ப்பு என்பதே அந்த எண். சாதாரண நாளில் அது பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கில் 10 என்பது பெரிய எண்.

என் வழக்கம் இது: 1 என்றால் பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். 2 என்றால் போனை இரவில் சைலன்ட்டில் போட மாட்டேன். 3 வந்தால் தெருக் குழுவில் செய்தி போய்விடும். 4, 5 என்றால் அன்று மாலை பாட்டு வகுப்பு, பிறந்தநாள் விருந்து எல்லாம் ரத்து. அன்றைய வரைபடத்தை ஒரு நாளில் ஐந்து முறை புதுப்பிப்பார்கள். கோடைக்கால நேரப்படி காலை 8, பதினொன்றரை, மதியம் 3 ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். காலையில் மஞ்சளாக இருந்தது மதியம் ஆரஞ்சாக மாறியதா என்பதுதான் கேள்வி.

தெருக் குழு

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குழு தொடங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் தமிழ்க் குழுவிலேயே நடத்தலாம் என்று நினைக்காதீர்கள். ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் பிரியாணி ஆர்டருக்கும் நடுவே "டொர்னாடோ வார்னிங்" புதைந்துபோகும். அதோடு, உங்களுக்கு உதவப்போவது பத்து மைல் தள்ளியிருக்கும் மதுரைக்காரர் அல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். எங்கள் குழுவில் பதினான்கு வீடு. நான்கு தெலுங்கு, மூன்று தமிழ், ஒரு குஜராத்தி, ஒரு வியட்நாம் குடும்பம், மீதி டெக்ஸஸ்காரர்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான்.

குழுவில் ஃபார்வர்டு கூடாது. யாரோ எங்கேயோ எடுத்த வீடியோவும் கூடாது. தேசிய வானிலைச் சேவையின் ஃபோர்ட் வொர்த் அலுவலகம் சொன்னது, நம் கண்ணால் பார்த்தது, இரண்டு மட்டும்.

பிறகு ஒரு தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: எத்தனை பேர், பகலில் தனியாக இருப்பவர் யார், நடக்க முடியாதவர் உண்டா, மின்சாரத்தில் ஓடும் மூச்சுக்கருவி ஏதாவது உண்டா, நாய் உண்டா, மாற்றுச் சாவி யாரிடம், புயல் நேரத்தில் வீட்டின் எந்த மூலையில் ஒளிவார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீடு இடிந்தால் தேடுபவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பதில்தான்.

எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா நர்ஸ். கோடிவீட்டு டெக்ஸஸ்காரரிடம் மரம் அறுக்கும் செயின்சா இருக்கிறது. எனக்குத் தெரிந்தது வரைபடம் படிப்பது. இப்படி யாரிடம் என்ன உண்டு என்பதும் தாளில் இருக்கட்டும். தாளை அச்சடித்து ஃப்ரிஜ்ஜில் ஒட்டுங்கள். புயலன்று போன் சிக்னல் படுத்துவிடலாம்.

பூஜை அறையும் செருப்பும்

இங்கே களிமண் நிலம். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் பெரும்பாலான வீடுகளில் நிலவறை கிடையாது. இருப்பதில் பாதுகாப்பானது தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத சின்ன அறை. குளியலறை, பான்ட்ரி, அல்லது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் க்ளாசெட். உங்களுக்கும் எனக்குமுள்ள சிக்கல் என்னவென்றால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த அறையில்தான் நாம் சாமியை வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூன்று சுவரிலும் கண்ணாடி போட்ட படங்கள். கீழே குத்துவிளக்கு, எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி. ஆறு பேர் நெருக்கி உட்காரும் அறையில் தலைக்கு மேல் கண்ணாடி தொங்குவதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்? ஆரஞ்சு போட்ட நாள் காலையிலேயே படங்களை இறக்கித் துண்டில் சுற்றி வெளியே அலமாரியில் வைத்துவிடுகிறோம். விளக்கும் எண்ணெயும் அடுக்களைக்குப் போய்விடும். வெங்கடாசலபதி மட்டும் மரச்சட்டத்தில், கண்ணாடியில்லாமல் இருப்பதால் அங்கேயே நிற்பார்.

அடுத்தது செருப்பு. டொர்னாடோ கடந்துபோன வீட்டில் தரை முழுக்க உடைந்த கண்ணாடி, ஆணி துருத்திய பலகை. தப்பித்தவர்கள்கூட வெறுங்காலோடு வெளியே வரும்போது காயப்படுவார்கள். நம் வீடுகளிலோ செருப்பு வாசலில் கிடக்கும், அல்லது கராஜில். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி மூடிய ஷூ அந்த அறைக்குள் இருக்க வேண்டும். அம்மா இதைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "சாமி ரூம்ல செருப்பா? நீ படிச்சதெல்லாம் இதுக்குத்தானா?" ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னார்: கடைக்குப் போய்ப் புது ஷூ வாங்கி, தெருவில் போடாமல், துணிப்பையில் கட்டி மூலையில் வைக்கலாம். அந்தப் பை இன்றும் அங்கே இருக்கிறது.

தலைக்கு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் போதும். பையன் கிரிக்கெட் ஆடினால் வீட்டில் கம்பி வைத்த ஹெல்மெட்டே இருக்கும், இன்னும் நல்லது. பறந்து வரும் பொருள் தலையில் படுவதுதான் பல சாவுகளுக்குக் காரணம். மெத்தை, தடித்த போர்வை, தண்ணீர், டார்ச், பவர் பேங்க், பெரியவர்களின் ஒரு வார மாத்திரை, பாஸ்போர்ட் உள்ள கவர், ஒரு விசில். இடிபாட்டுக்குள் கத்தினால் தொண்டை வற்றிவிடும், விசில் வற்றாது.

அடுக்ககத்தில் மேல்தளத்தில் இருந்தால்? எர்விங்கிலும் பிளேனோவிலும் புதிதாக வந்து இறங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது மாடியில்தான். கீழ்வீட்டுக்காரரிடம் இன்றே பேசுங்கள். புயலன்று கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. ஒரு டப்பா முறுக்கோடு போய், "வார்னிங் வந்தால் உங்கள் குளியலறைக்கு நாங்கள் நாலு பேர் வரலாமா?" என்று கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

சேதி எப்படி வரும்

சைரனை மட்டும் நம்பாதீர்கள். அது வெளியே, பூங்காவில், மைதானத்தில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்லும் கருவி. ஏசி ஓடும் வீட்டுக்குள் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க வேண்டும் என்று அதை வடிவமைக்கவில்லை. பல நகரங்களில் டொர்னாடோவுக்கு மட்டுமல்லாமல், மணிக்கு 70 மைல் காற்றுக்கும் பெரிய ஆலங்கட்டிக்கும்கூட ஊதுவார்கள். டல்லாஸில் மாதத்தின் முதல் புதன் நண்பகலில் சோதனை ஓட்டம் நடக்கும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் வந்த முதல் வாரமே பதறிப்போவார்கள்.

போனில் அவசர எச்சரிக்கை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் கையில் இருப்பது ஊரிலிருந்து கொண்டுவந்த போன், வைஃபையில் மட்டும் ஓடுகிறது என்றால் அந்த எச்சரிக்கை வரும் என்று நம்ப முடியாது. பகலில் நீங்கள் ஆபீஸில், அவர்கள் மட்டும் வீட்டில், சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் வெதர் ரேடியோ. பேட்டரியிலும் ஓடும், எச்சரிக்கை வந்தால் தானே கத்தும். வாங்கியதும் உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் போட வேண்டும்: காலின் 048085, டல்லாஸ் 048113, டெண்டன் 048121, டாரன்ட் 048439. போடாவிட்டால் தள்ளியிருக்கும் கவுண்டிகளுக்கெல்லாம் சேர்த்துக் கத்தும். இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு மாமனார் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

கவுண்டியின் பெயரையும், தென்மேற்கில் இருக்கும் ஊர்களின் பெயர்களையும் தாளில் எழுதி ஒட்டுங்கள். புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். எங்களுக்கு லூயிஸ்வில், கேரல்டன் என்று டிவியில் சொன்னால் எழுந்து நிற்க வேண்டிய நேரம்.

அன்று காலை

கார் பெட்ரோல் நிரப்பி கராஜுக்குள். கராஜில் அடைத்துவைத்த அட்டைப்பெட்டிகளுக்கு இதைவிட நல்ல விடுதலை நாள் கிடையாது. எலுமிச்சை அளவு ஆலங்கட்டி விழுந்தாலே கார் கூரை குழிந்துவிடும், சாத்துக்குடி அளவு வந்தால் கண்ணாடி, ஓடு எதுவும் மிஞ்சாது. கொல்லையில் இருக்கும் நாற்காலி, துளசித் தொட்டி, டிராம்போலின் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள் அல்லது கட்டுங்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்துவையுங்கள். காப்பீட்டுக்காரரிடம் பேசும்போது அந்த மூன்று நிமிடம் கைகொடுக்கும். சீக்கிரம் சமைத்துவிடுங்கள். பள்ளியில் பிள்ளை இருக்கும்போது வார்னிங் வந்தால் அழைத்துவரக் கிளம்பாதீர்கள். பள்ளிக் கட்டடம் உங்கள் காரைவிடப் பத்திரம்.

வாட்ச் வேறு, வார்னிங் வேறு

டொர்னாடோ வாட்ச் என்றால் மாவு கரைத்தாயிற்று, சட்டி காய்கிறது: டொர்னாடோ வரத் தோதான சூழல், இன்னும் வரவில்லை. பல கவுண்டிகளுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்குப் போடுவார்கள். அப்போது செய்ய வேண்டியது: தெருக் குழுவில் தலை எண்ணுங்கள். யார் வீட்டில், யார் வழியில், பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு யார் போவது. நடமாட முடியாதவர்களை இப்போதே கீழே கொண்டுவந்து அறைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். வெளியூர் வேலையை நிறுத்துங்கள்.

டொர்னாடோ வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். வரைபடத்தில் பலகோணமாகக் கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் உங்கள் வீடு இருந்தால் பேச்சு முடிந்தது. ஷூ, ஹெல்மெட், அறை. எரியும் அடுப்பை அணைக்க ஒரு விநாடி, அவ்வளவுதான். மண்டியிட்டுக் குனிந்து, கழுத்தைக் கையால் மூடி, மேலே மெத்தை.

இந்த இடத்தில்தான் மனித சுபாவம் குறுக்கே வரும். 2011 மே 22 அன்று மிசூரியின் ஜாப்லினில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைரன் கேட்டும் பலர் உடனே ஒளியவில்லை, இன்னொரு உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருந்தார்கள் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். எங்கள் கோடிவீட்டு டெக்ஸஸ்காரரும் அப்படித்தான். சைரன் ஊதினால் கையில் பீர் டின்னோடு டிரைவ்வேயில் நின்று மேற்கே பார்ப்பார். நாற்பது வருடமாகப் பார்க்கிறாராம். அவரோடு நின்று வேடிக்கை பார்க்க எனக்கும் ஆசைதான். பச்சையும் கறுப்புமாக அந்த வானம் அப்படியொரு அழகு. ஆனால் மழைத்திரைக்குள் ஒளிந்து வரும் டொர்னாடோ கண்ணுக்குத் தெரியாது, இரவிலும் தெரியாது. இப்போது குழுவில் அவருக்கென்றே ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: வார்னிங் வந்ததும் எல்லா வீடும் உள்ளே போய்விட்டதா என்று குழுவில் சரிபார்ப்பது. அதற்காகவே அவர் தன் குளியலறைக்குள் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்று அப்பா சொன்னார். இங்கேயும் பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். தவறு. திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். அதற்காக ஜன்னல் பக்கம் போவதே ஆபத்து. மேம்பாலத்துக்கு அடியில் காரை நிறுத்தி ஒளிவது அடுத்த தவறு. பாலத்தடியில் காற்று இடுங்கி வேகம் கூடும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமா மாநிலத்தில் மூன்று பேர் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கித்தான் இறந்தார்கள். காரில் மாட்டிக்கொண்டால் பக்கத்திலிருக்கும் உறுதியான கட்டடத்துக்குள் ஓடுங்கள். கட்டடமே இல்லையென்றால் பெல்ட் போட்டபடி ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து தலையை மூடுங்கள், அல்லது சாலையைவிடத் தாழ்வான பள்ளத்தில் படுங்கள்.

கடந்துபோன பிறகு

ஒரு வார்னிங் முடிந்ததும் வெளியே வந்துவிடாதீர்கள். வரிசையில் அடுத்த மேகம் இருக்கிறதா என்று ரேடாரைப் பாருங்கள். பிறகு வீட்டு எண்ணையும் "ஓகே" என்ற ஒரு சொல்லையும் மட்டும் குழுவில் போடுங்கள். பதில் வராத வீட்டுக்கு இருவராகப் போங்கள், ஷூவும் கையுறையும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். அறுந்த கம்பி எதுவானாலும் மின்சாரம் ஓடுவதாகவே எண்ணுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி வையுங்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மறுநாள் காலை கதவைத் தட்டுவார்கள் கூரைக்காரர்கள். ஏணியோடு, புன்னகையோடு, "உங்கள் டிடக்டபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். டிடக்டபிள் என்பது காப்பீட்டுப் பணம் போக நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. டெக்ஸஸில் 2019 செப்டம்பர் முதல் அது சட்டப்படி குற்றம். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு டிடக்டபிள் பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். நான்கு லட்சம் டாலர் காப்பீட்டில் இரண்டு சதவீதம் என்றால் எட்டாயிரம் உங்கள் கையிலிருந்து. பாலிசியை இன்றே எடுத்துப் பார்த்து வையுங்கள். முதல் ஆளிடம் கையெழுத்துப் போடாமல், தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே கூரைக்காரரிடம் பேசினால் விலையும் படியும், வேலையும் ஒழுங்காக நடக்கும். எங்கள் தெருவில் அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போன ஆள் அப்பாதான், அரைகுறை ஆங்கிலத்தில், கூரைக்காரர் ஏணியை விட்டு இறங்கும் வரை.